ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் காலை பத்து மணிக்கு நுழைந்தாலும் ஒரே காட்சிதான். சுவரோரம் போட்ட நாற்காலிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். மூத்திரப்பை நிறைந்தால்தான் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் கர்ப்பப்பை தெரியும். “முட்டுதாம்மா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண் வருவார். “இல்லையா, இன்னும் அரை பாட்டில் குடிங்க.” ஏற்கெனவே அடிவயிறு பிடித்து இழுக்கிற ஒருத்திக்கு அந்த ஒரு மணி நேரம் என்ன பாடு என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தெரியும். கால்மேல் கால் போடுவாள், எடுப்பாள், எழுந்து நிற்பாள், துப்பட்டாவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். உள்ளே போனால் ஐந்து நிமிடம். ஜெல்லைத் துடைத்துக்கொண்டு வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கவர் கைக்கு வரும். எல்லாம் நார்மல்.

கூட வந்தவருக்கு நிம்மதி. “ஒண்ணும் இல்லையாம்” என்று போனிலேயே ஊருக்குச் சொல்லிவிடுவார். அவளுக்கோ அன்றிலிருந்துதான் கஷ்டம். நேற்றுவரை அவள் நோயாளி. இன்றைக்கு ஒன்றும் இல்லாமலேயே வலி வலி என்கிறவள்.

ஸ்கேன் சொல்லும் ‘நார்மல்’, அந்தக் கருவியின் கண்ணுக்கு என்ன பட்டது என்பதைப் பற்றிய தகவல். அதை அந்தப் பெண்ணைப் பற்றிய தீர்ப்பாக ஆக்கியது வீட்டார் மட்டும் இல்லை. மருத்துவமனை, காப்பீடு, கம்பெனி, இ.எஸ்.ஐ. லீவு விதி என்று எல்லாமே அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன. இந்தக் கட்டுரையின் வழக்கு அதன் மீதுதான்.

ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் அடிவயிற்று வலியை நாள்பட்ட இடுப்புக்குழி வலி என்று மருத்துவம் தனியாக வகைப்படுத்துகிறது. பூந்தமல்லியிலோ பட்டாபிராமிலோ யாரும் அதை இந்தப் பெயரில் சொல்வதில்லை. குறுக்கு வலி, சூட்டு வலி, வாய்வு, தொடை வரைக்கும் இழுக்குது, உள்ளே ஏதோ கீழே இறங்குற மாதிரி இருக்குது என்பார்கள். உலக அளவில் வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2006இல் ஒரு கணக்குப் போட்டார்கள். மாதவிடாயோடு ஒட்டாமல் வரும் இந்த வலி, ஆய்வுக்கு ஆய்வு, நூறு பெண்களில் 2 பேர் முதல் 24 பேர் வரை இருப்பதாக வந்தது. ஒரு நோயின் கணக்கில் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது என்றால், யாரும் இன்னும் ஒழுங்காக எண்ணத் தொடங்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணங்களில் இப்போது ஓரளவு பேர் தெரிந்தது எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலைச் சுற்றியும் மூத்திரப்பையின் மேலும் ஒட்டி வளர்வது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் பத்துக்கு ஒருவருக்கு, அதாவது உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலவச மருத்துவம் உள்ள பிரிட்டனிலேயே, முதலில் டாக்டரிடம் போன நாளிலிருந்து நோயின் பெயர் தெரிய சராசரியாக 8 ஆண்டு 10 மாதம் ஆகிறது என்று அங்குள்ள எண்டோமெட்ரியோசிஸ் அமைப்பு 2024இல் கணக்குக் கொடுத்தது.

பத்மா லட்சுமியை நம்மில் பலருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் சமையல் முகமாகத் தெரியும். சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண். பதின்மூன்று வயதிலிருந்து மாதாமாதம் சுருண்டு படுத்தவருக்கு, அதன் பெயர் தெரிந்தபோது வயது 36. நியூயார்க்கில் வசதியும் செல்வாக்கும் இருந்த ஒருவருக்கு இருபத்து மூன்று வருடம். தனக்கு அறுவை செய்த டாக்டர் டேமர் செச்கினோடு சேர்ந்து 2009இல் அவர் இந்த நோய்க்கென்று ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த இருபத்து மூன்று வருடக் கணக்கை வைத்துக்கொண்டு, பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நடக்கும் ஒரு பெண்ணுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று பார்த்தால் எனக்கு விடை வரவில்லை. நம் ஊரில் பலருக்குப் பெயர் தெரிவதற்கு முன்னால் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அல்லது கர்ப்பப்பை போய்விடுகிறது.

ஏன் இவ்வளவு நாள்? சவ்வின் மேல் படர்ந்த மெல்லிய எண்டோமெட்ரியோசிஸ் சாதாரண ஸ்கேனில் தெரியாது. ஆழமாகப் போனதைப் பார்க்க, யோனி வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேன் வேண்டும், அதற்கென்று பழகிய கண் வேண்டும். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் வருகிறது. ஸ்கேன் அறையில் கேட்கப்படும் முதல் கேள்வி, “கல்யாணம் ஆயிடுச்சா?” ஆகவில்லை என்றால் உள்வழி ஸ்கேன் கிடையாது. எம்.ஆர்.ஐ. என்ற வழி இருக்கிறது, செலவு இடிக்கும். ஆக, எந்த வயதில் வலி தொடங்குகிறதோ அந்த வயதில் பார்க்க வேண்டியதைப் பார்ப்பதில்லை. “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்று அனுப்புகிறார்கள். கல்யாணம் ஆனதும் “ஒரு புள்ள பொறந்தா சரியாயிடும்.” பிள்ளையும் பிறந்து வலி போகாவிட்டால் “ஆபரேஷன் பண்ணின வயிறுல்ல, அப்படித்தான் இருக்கும்.” ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கட்டங்களை இவ்வளவு கச்சிதமாக மருந்துச் சீட்டாக எழுதிய சமூகம் வேறு இருக்குமா தெரியவில்லை.

இதற்கிடையில் மருத்துவ உலகம் தன் விதியை மாற்றிக்கொண்டுவிட்டது. வயிற்றில் துளை போட்டு, லேப்ராஸ்கோப் விட்டு, கண்ணால் பார்த்தால்தான் எண்டோமெட்ரியோசிஸை உறுதி செய்ய முடியும் என்பது நெடுநாள் வேதமாக இருந்தது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஸ்கேனில் எதுவும் தெரியாமலோ மருந்து கேட்காமலோ போனவர்களுக்கு மட்டும் லேப்ராஸ்கோப் போதும் என்றது. அறிகுறியைக் கேட்டு, பரிசோதித்து, ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். வலி தணிந்தால் நல்லது. அதாவது, ரிப்போர்ட் வந்த பிறகுதான் நோய் என்ற வரிசையே மாறிவிட்டது. சி.டி.எச். ரோட்டு வரிசை மாறவில்லை.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயர் பிரபலமாவதில் எனக்கு ஒரு சின்ன பயமும் உண்டு. நாளைக்கு எல்லா அடிவயிற்று வலியும் அதுவாகிவிடும். ஆனால் வலிக்காக லேப்ராஸ்கோப்பி செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை உள்ளே கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. கர்ப்பப்பைச் சுவர் தடிக்கும் அடினோமயோசிஸ் இருக்கலாம். மூத்திரப்பை வலி நோய், குடல் எரிச்சல் நோய், இடுப்புக்குழி ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்குவது, அடித்தளத் தசை இறுகிப்போவது, பழைய கிருமித் தொற்று. நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்க முடியாது: உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார், அந்தக் கிருமி கர்ப்பப்பையிலும் கருக்குழாயிலும் இருமலே இல்லாமல் குடியிருக்கும். ஒரே பெண்ணுக்கு இதில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும்.

உறுப்புக்கு ஒரு டாக்டர் என்று பிரித்து வைத்திருக்கும் மருத்துவமனையில் இப்படிப்பட்டவள் எங்கே போவாள்? மகப்பேறு ஓ.பி.யில் “கர்ப்பப்பை நல்லா இருக்கு, யூரின் பிரச்சினையா இருக்கும்” என்பார்கள். யூராலஜியில் குடலைக் காட்டுவார்கள். குடல் டாக்டர் எண்டோஸ்கோப்பி முடித்துவிட்டு “டென்ஷன் குறைங்க” என்பார். ஒவ்வொருவரும் தன் உறுப்பின் மீது குற்றமில்லை என்று நிரூபித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது துணிக்கடைக் கட்டைப்பை ஒன்று. அதில் கவர் கவராக ரிப்போர்ட்டுகள், மூன்று ஸ்கேன் சென்டர்களின் பெயர்கள், மங்கிப்போன பிரிண்ட், பாதி கிழிந்த மாத்திரை அட்டை. அந்தப் பையை முழுதாகக் கொட்டித் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. அடுத்த டாக்டர், “புதுசா ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க.” மறுபடியும் தண்ணீர் பாட்டில்.

கருவியே இல்லாமல் கண்டுபிடிக்கக் கூடியதும் உண்டு. ஜே.பி. கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926இல் எழுதி வைத்த சோதனை. நோயாளியைப் படுக்கவைத்து, வலிக்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே, தலையைத் தூக்கச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தசை இறுகும்போது வலி கூடினால், கோளாறு பெரும்பாலும் உள்ளே இல்லை. வயிற்றுச் சுவரில், அதன் தசையிலோ நரம்பிலோ இருக்கிறது. அந்த இடத்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசி ஒன்று போட்டால் பலருக்கு வலி விடுகிறது. தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. இத்தனை வயிறுகளில் தையல் தழும்பு இருக்கும் மாநிலத்தில், தழும்பின் ஓரத்தில் நரம்பு சிக்கிக்கொண்ட வலியைத் தேடிப் பார்க்க ஒரு விரலும் இரண்டு நிமிடமும் போதும். ஆனால் அதற்கு டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். நூற்றைம்பது டோக்கன் போட்ட ஓ.பி.யில் அவர் எழுந்திருக்க முடியாது என்பதும் உண்மைதான். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எல்லாம் தேடியும் எதுவும் கிடைக்காதவர்களின் வலி? அதுவும் வலிதான். பச்சை மிளகாய் நறுக்கிய கையை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுப் பாருங்கள். எரியும். தண்ணீரில் எந்தக் குற்றமும் இல்லை, கையில் காயமும் இல்லை, எரிகிறது என்று சொல்பவர் பொய்யும் சொல்லவில்லை. நரம்பு முனைகள் விழித்துக்கொண்டிருக்கின்றன. வருடக்கணக்கில் வலித்த உடம்பில், தண்டுவடமும் மூளையும் இப்படி விழித்த நிலையிலேயே தங்கிவிடலாம். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல், வேறு நோயின் நிழலாக இல்லாமல் நாள்பட்ட வலியையே ஒரு நோயாக எழுதிக்கொண்டது. மருந்து எளிது என்று சொல்ல மாட்டேன். லேப்ராஸ்கோப்பியில் எதுவும் தெரியாத 306 பெண்களை வைத்து பிரிட்டனில் கபாபென்டின் மாத்திரையைச் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது மேல் இல்லை, தலைச்சுற்றல்தான் அதிகம் என்று 2020இல் முடிவு வந்தது. இறுகிய தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி, மூச்சுப் பயிற்சி, தூக்கம், மனநல ஆலோசனை, தேவையான மருந்து எல்லாம் கலந்து, நாள் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. ஆண்களுக்கும் இந்த வலி வருகிறது. சுக்கிலச்சுரப்பி அழற்சி என்று பெயர் போட்டு ஆன்டிபயாட்டிக் மேல் ஆன்டிபயாட்டிக் எழுதப்படுவோரில் பெரும்பாலானவர்களுக்குக் கிருமியே கிடையாது. அது தனிக் கதை.

இனி எஸ்டேட்டுக்கு வருவோம். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறைகளுக்கு இணையாக ஆடை ஏற்றுமதி யூனிட்டுகளும் வளர்ந்தன. திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி பக்கத்திலிருந்து ரயிலிலும் கம்பெனி வேனிலும் பெண்கள் வருகிறார்கள். லைனில் ஒருத்தி எழுந்தால் அவளுக்குப் பின்னால் பீஸ் குவியும், சூப்பர்வைசர் பார்ப்பார். அதனால் தண்ணீரைக் குறைவாகக் குடிப்பார்கள், மூத்திரத்தை அடக்குவார்கள், முதுகு வளைந்து எட்டு மணி நேரம். மாதவிடாய் வலிக்கு மாத்திரை. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களைச் சந்தித்து தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019 ஜூனில் ஒரு செய்தி வெளியிட்டது. அத்தனை பேரும், வலி என்று சொன்னால் பெயர் போடாத மாத்திரையைக் கம்பெனியிலேயே கொடுத்ததாகச் சொன்னார்கள். மாத்திரை போட்டால் டார்கெட் முடியும். வலி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். மெடிக்கலில் கேட்ட உடனே கிடைக்கும் மெஃபனமிக் அமிலத்தைப் பற்றி, அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம், கவனியுங்கள் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை எந்தத் தையல் லைன் வரை வந்தது?

ஜவுளிக்கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்களுக்காகத் தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். உட்கார்ந்தே இருப்பவள் எழுந்து போகும் உரிமைக்கு யாராவது ஒரு பிரிவு எழுதலாம்.

லீவு விஷயத்தில் ‘நார்மல்’ என்ற சொல்லின் முழு எடையும் இறங்குகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர் பங்காகப் பிடிக்கிறார்கள். நோயென்று டிஸ்பென்சரி டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். அதற்கும் மேல் நீளும் நோய்களுக்கு 34 நோய்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. காசநோய், புற்றுநோய், பக்கவாதம் எல்லாம் அதில் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் கிடையாது. பெயர் தெரிந்த நோய்க்கே இடம் இல்லாதபோது, பெயர் தெரியாத வலிக்கு என்ன எழுதுவார்கள்? மாதத்தில் மூன்று நாள், நான்கு நாள் என்று விட்டு விட்டு வரும் வலி, ஒரேயடியாகப் படுக்கையில் தள்ளும் நோய்களுக்காக வரைந்த விதிக்குள் அடங்குவதில்லை. அவள் லீவு எடுப்பதில்லை, வேலையை விட்டுவிடுகிறாள். ஆறு மாதம் கழித்து வேறு கம்பெனி. மாதவிடாய் விடுமுறை பற்றி நடக்கும் விவாதங்களில் நான் ஒட்டாமல் இருப்பதும் இதனால்தான்: மாதம் ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டு, ஏன் வலிக்கிறது என்று பார்க்காமல் விட்டுவிட அது ஒரு சாக்காகிவிடக் கூடாது.

இத்தனையும் தாண்டினால் கடைசியில் நிற்பது ஒரு வாக்கியம். “புள்ளைங்கதான் பொறந்தாச்சே, எடுத்துடலாம்.” தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பப்பை அகற்றத்துக்குப் பெண்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம் அதிக உதிரப்போக்குக்கும் வலிக்கும்தான், மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடக்கின்றன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது நினைவிருக்கும். கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை என்று 2019இல் அமைக்கப்பட்ட அரசுக் குழு கண்டது. ஒரு நாள் விடுப்புக்கு அபராதம் கட்ட வேண்டிய வேலையில், கர்ப்பப்பை ஒரு இடைஞ்சல். அதற்கு முன்பே 2013இல், பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் அரசுக் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் அகற்றுகிறார்கள் என்று டாக்டர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றம் போனார். பத்து வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், இதைத் தடுக்க மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அகற்றியும் வலி போகாதவர்கள் உண்டு, ஏனென்றால் எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் எலும்புத் தேய்மானமும் சேர்ந்துகொள்ளும்.

பணம் போகும் வழியைப் பார்த்தால் காரணம் புரியும். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. கர்ப்பப்பையை எடுக்கப் பணம் உண்டு. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கட்டைப்பையைப் பிரித்துப் பார்ப்பதற்கு எந்தத் திட்டத்திலும் ஒரு ரூபாய் கிடையாது. எந்த வேலைக்குக் கூலி இருக்கிறதோ அந்த வேலைதான் நடக்கும். இதில் டாக்டர்களும் மனிதர்கள்தான்.

இந்த வலிக்கென்று பெரிய கட்டடம் கேட்கவில்லை. திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கீழ்ப்பாக்கத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, எழும்பூரில் 1844இலிருந்து பெண்களைப் பார்க்கும் மருத்துவமனை இருக்கிறது, அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றில் வாரத்தில் ஒரு மதியம், இருபது டோக்கன் மட்டும், மகப்பேறு மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் வலி மருத்துவரும் ஒரே அறையில். சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் இதைப் போன்ற தனி ஏற்பாடுகள் வந்தாயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி செய்பவர் வருகிறார். முதியவரின் முட்டியைப் பார்க்க வரும் அவருக்கு, இடுப்புக்குழித் தசைப் பயிற்சியையும் கற்றுக்கொடுத்தால், அதே வீட்டு மருமகளுக்கும் வழி பிறக்கும். இ.எஸ்.ஐ. சான்றிதழில் “நாள்பட்ட அடிவயிற்று வலி” என்று எழுதினால் செல்லும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். அதற்குச் சட்டமன்றம்கூடக் கூட வேண்டாம்.

அதுவரைக்கும் ஒரு காலண்டர். மாதத் தாள் காலண்டரில் பால் கணக்கு எழுதும் வழக்கம் இந்தப் பக்க வீடுகளில் இன்னும் இருக்கிறது. பால் போடாத நாளுக்குப் பெருக்கல் குறி. அதே கட்டத்தின் மூலையில் வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், பத்துக்கு எத்தனை என்று ஒரு எண், தூரமான நாளுக்குச் சிவப்புப் புள்ளி, மாத்திரைக்கு ஒரு கோடு, மூத்திரம் போகும்போதா, வெளிக்குப் போகும்போதா, கணவனோடு இருந்த பிறகா என்பதற்கு அவளுக்கு மட்டும் புரியும் எழுத்து. மாமியார் பார்த்தாலும் பால் கணக்கு என்றுதான் நினைப்பார். இரண்டாவது மாதமே அதில் ஒன்று தெரியத் தொடங்கும். வட்டங்கள் சிவப்புப் புள்ளிக்கு நான்கு நாள் முன்னால் கூடுகின்றனவா, ஷிப்மென்ட்டுக்காக ஓவர்டைம் பார்த்த வாரத்தில் கூடுகின்றனவா என்று. மூன்று தாள் சேர்ந்ததும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, கட்டைப்பையில் ஸ்கேன் கவர்களுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, பட்டரவாக்கத்தில் ரயிலேறி, வில்லிவாக்கத்தில் இறங்கி, அயனாவரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். எட்டு மணிக்குள் போனால் டோக்கன் கிடைக்கும்.